தேனிலவுக்கும் சாய்தளம் வேண்டும்

சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்குக் கல்யாணமானால், எங்கள் தாம்பரத்து உறவினர்கள், "தேனிலவெல்லாம் எதற்கு? கோயிலுக்குப் போய்வந்தால் போதாதா?" என்கிறார்கள். போதாது! கடலில் கால் நனைக்க அவளுக்கு ஆசை இருக்காதா?

2022 நவம்பரில் மெரினாவில் 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் சேதப்படுத்தியது, சரிசெய்தார்கள். மனமிருந்தால் முடிகிறதே!

விடுதிக்காரர் "லிஃப்ட் இருக்கு சார்" என்பார். வாசலில் நாலு படி இருக்கும். தூக்கிவிட ஆள் உண்டாம்! புதுப்பெண்ணை மூட்டைபோல் தூக்குவதா மரியாதை? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியாருக்கும்தான்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்: கதவு 90 செ.மீ. அகலமா? குளியலறையில் படி உண்டா? படம் அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு விடுதி பாருங்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் 'எகாலித்தே', அதாவது சமத்துவம், என்று உருப்போட்டவன் நான். அது வாசற்படியோடு நின்றுவிடக் கூடாது.