சம்பளமில்லாத சித்தாள்

"ஆள் வைக்காமல் நாங்களே செய்தோம்" என்று பெருமையாகச் சொல்லப்படும் சமையல்கட்டு ஒவ்வொன்றையும் கட்டியதில் சம்பளமில்லாத ஒரு சித்தாளுக்குப் பங்கு உண்டு. அந்த 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள், யாருடைய உழைப்பு மட்டும் கணக்கில் வருகிறது என்பதுதான் என் கேள்வி.

திருப்பூரில் தீபாவளி போனஸ் கைக்கு வந்து, பனியன் கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும் நாட்களில் வீடுகளுக்குள் சுத்தியல் சத்தம் கேட்கும். கொத்தனார் வைத்துக் கட்டுபடியாகாத குடும்பங்கள், செல்போனில் வீடியோ பார்த்தே பழைய கடப்பாக்கல் மேடையைப் பெயர்த்து கிரானைட் போடுகின்றன. சுவரில் டைல்ஸ் ஒட்டுகின்றன. இதில் எனக்கு ஏளனம் இல்லை. கையால் உழைத்துப் பிழைக்கும் ஊர் இது. ஆனால் உழைப்பைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஊரும் இதுதான்.

அனுப்பர்பாளையம் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு வீடு. அக்கா ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஓவர்லாக் டெய்லர். விடுமுறையில் சமையல்கட்டைப் புதுப்பித்தார்கள். மாமா மேடையை உடைத்தார். மகன் டைல்ஸ் வெட்டினான். இடிந்த கல்லையும் மண்ணையும் சட்டியில் சுமந்து வெளியே கொட்டியது அக்கா. மணல் சலித்தது, கலவைக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது, பூச்சு காயாமல் தண்ணீர் விட்டது, டைல்ஸில் படிந்த சிமெண்டைச் சுரண்டித் துடைத்தது எல்லாம் அவர்தான். சமையல்கட்டு இல்லாத அந்த நாட்களிலும் சமையல் நிற்கவில்லை. பின்வாசலில் சிலிண்டரை வைத்துக் குந்த உட்கார்ந்து மூன்று வேளைச் சோறும், வேலை செய்பவர்களுக்கு நடுநடுவே டீயும். முடிந்ததும் புது மேடை முன்னால் அப்பாவும் மகனும் நிற்கப் படம் எடுத்தார்கள். எடுத்தது அக்கா.

"கூலியில மட்டும் பதினஞ்சாயிரம் மிச்சம் கண்ணு" என்றார் மாமா. "அதுல அக்காளோட சித்தாள் கூலி எவ்வளவுங்க மாமா?" என்று கேட்டேன். சிரித்தார். "அவளுக்குத்தான இந்த சமையல்கட்டே!"

கெட்ட மனிதர் அல்ல அவர். ஆனால் அந்தப் பதிலில்தான் எல்லாமே இருக்கிறது. நான்கு பேர் சாப்பிடுவதற்கான இடம், ஒருத்திக்குக் கொடுத்த பரிசாகிவிடுகிறது. பரிசு வாங்குகிறவள் கூலி கேட்க முடியுமா? வரவேற்பறைக்கு சோபா வாங்கினால் அது வீட்டுக்கு. சமையல்கட்டுக்குச் சிம்னி வாங்கினால் மட்டும் அது அவளுக்கு!

பனியன் கம்பெனியில் ஒரு கை தைக்க எத்தனை நிமிடம், ஒரு கழுத்துக்கு எத்தனை நிமிடம் என்று நேரம் பார்த்து எழுதுகிறார்கள். பீஸ் ரேட்டில் பத்துப் பைசா ஏறுவதற்குச் சண்டை நடக்கிறது. அங்கே நிமிடத்துக்கு விலை உண்டு. அந்த விலை குறைவு என்பது வேறு வழக்கு. அதே கைகள் வீட்டுக்கு வந்ததும் நிமிடங்கள் காணாமல் போகின்றன. ஒன்றிய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அவற்றை எண்ணியிருக்கிறது: சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடம். கிரானைட் போட்டால் இந்த இடைவெளி மூடிவிடுமா?

வசதியான சமையலறை பெண்ணை விடுவிக்கும் என்ற நம்பிக்கை பழையது. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி அது. தொழிற்சாலையில் அசைவுகளையும் நிமிடங்களையும் அளக்கும் முறையை வீட்டுக்குக் கொண்டுவந்து, நடையைக் குறைத்து, எல்லாம் கைக்கெட்டும்படி அமைத்தார். பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்துவதே நோக்கம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. ஆனால் ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடிய குறுகிய அறை அது. அந்த ஒருவர் யார் என்பதில் மாற்றமில்லை. பின்வந்த பெண்ணியர்கள் அதைத்தான் விமர்சித்தார்கள்: வேலை எளிதானது, பெண் அதில் இன்னும் தனியாளானாள். மெஷினை மாற்றினால் உற்பத்தி கூடும். டெய்லர் முதலாளியாகிவிடமாட்டார் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை வகுப்பில் நடத்தும்போது, சமையலறையில் மாற்றம் செய்யலாம் என்று மருமகள் சொல்லும் யோசனையில் மாணவிகள் நிற்பார்கள். அந்த வீட்டில் யோசனை எடுபடவில்லை. "இப்பெல்லாம் பொண்ணுங்களைக் கேட்டுத்தானே மிஸ் செய்யறாங்க" என்பார் ஒருத்தி. கேட்கிறார்கள்தான். டைல்ஸ் என்ன நிறம் என்று கேட்கிறார்கள். இரண்டே முக்கால் அடி மேடை அவள் முதுகுக்குச் சரிப்படுமா என்று யார் கேட்கிறார்கள்? அந்தச் சுவர் யார் பெயரில் இருக்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். வீட்டுக்கு மதிப்பு கூடுகிறது. கூடிய மதிப்பு பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குப் போகிறது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் சம்பாதித்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டென்று தீர்ப்பளித்தார். வீட்டுவேலையும் சொத்துக்கான பங்களிப்பே என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. அதே 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு அரசு 'உதவி' என்று பெயர் வைக்கவில்லை. 'உரிமைத் தொகை' என்றது. நீதிமன்றத்துக்கும் கோட்டைக்கும் எட்டிய சொல் நம் வீட்டு வாசலுக்கு ஏன் எட்டவில்லை?

"குடும்பத்துக்குள் கணக்கு எதற்கு?" என்பார்கள். மிச்சமான பதினைந்தாயிரத்தைச் சொன்னபோது குடும்பத்துக்குள் கணக்கு வந்துவிட்டதே! ஆணின் உழைப்பு மிச்சமாக எழுதப்படும்போது இனிக்கும் கணக்கு, பெண்ணின் உழைப்பை எழுதக் கேட்டால் மட்டும் ஏன் கசக்கிறது?

ஆகவே தோழிகளே, அடுத்த தீபாவளிக்குச் சுத்தியலை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுங்கள். மணல் சலித்த மணிநேரத்தையும் சட்டி சுமந்த மணிநேரத்தையும் அன்றைய சித்தாள் கூலியில் எழுதுங்கள். வேலை நடக்கும் நாட்களில் சோறாக்குவது யார் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். முறை வைத்து ஆக்கட்டும், இல்லையென்றால் மெஸ்ஸில் வாங்கட்டும். இரண்டு பேர் நிற்க இடம் விட்டு மேடை கட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது ஆள் மகளாகவோ மருமகளாகவோ மட்டும் இருக்கக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால், மேடையை இடிக்கும் முன் அந்தப் பேச்சை எடுங்கள். இடித்த பிறகு கேட்டால், பின்வாசலில் சிலிண்டரோடு உட்கார்ந்துதான் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.