கோரிக்கை மனு: பல்கலைக்கழகம் தராத அறைக்குப் பல்கலைக்கழக முத்திரை கேட்பதைக் கைவிடுதல் தொடர்பாக

அனுப்புநர்
செயலாளர்,
வெளிநாடுகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் சங்கம்,
திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
மண்டல மேலாளர் அவர்கள்,
கல்விக்கடன் பிரிவு,
வங்கியின் மண்டல அலுவலகம்.

நகல்: மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அவர்கள்.

பொருள்: கல்விக்கடன் – வெளிநாட்டுப் படிப்பு – பல்கலைக்கழகம் நடத்தாத தங்குமிடத்துக்கான முன்பணம் மற்றும் வாடகை – ஒப்பளிக்கப்பட்ட கடனிலிருந்து பட்டுவாடா செய்யக் கிளைகள் மறுத்தல் – தெளிவான உத்தரவு வேண்டுதல்.

பார்வை:
1. சங்கத்தின் கடிதம், சென்ற ஆண்டு ஏப்ரல்.
2. நினைவூட்டுக் கடிதம், சென்ற ஆண்டு ஜூன்.
3. நேரில் அளித்த மனு, சென்ற ஆண்டு ஆகஸ்ட் (பெற்றுக்கொண்டதற்கான முத்திரை எங்களிடம் உள்ளது, பதில் இல்லை).
4. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம்.

ஐயா,

சங்கத்தின் பொதுக்குழுத் தீர்மானப்படி உறுப்பினர்கள் அனைவரின் சார்பிலும் இம்மனு அளிக்கப்படுகிறது.

பார்வை 1 முதல் 3 வரையிலான கடிதங்கள் தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும் என்று நம்புகிறோம். நேரில் விசாரித்தபோது, கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எந்த மேசை என்று சொல்லவில்லை. ஆகவே மூன்றிலும் எழுதியதை மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது. நீளத்துக்குப் பொறுத்தருள வேண்டும்.

முதற்கடிதத்தில் நாங்கள் எழுதியது பல்லடம் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் மகளைப் பற்றி. விசைத்தறி வைத்திருப்பவர் அவர். மகளுக்கு ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்தது. கடனும் ஒப்பளிக்கப்பட்டது, ஒப்பளிப்புக் கடிதத்தில் தங்குமிடம், உணவு என்று தனி இனமும் தொகையும் குறிக்கப்பட்டிருந்தன. மாணவர் விடுதியில் அறை ஒதுக்கி, குறித்த நாளுக்குள் முன்பணம் கட்டச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. கிளையில் கொண்டுபோய்க் காட்டினார். பல்கலைக்கழக முத்திரையுடன் கட்டணச் சீட்டு வேண்டும் என்றார்கள். அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். விடுதி தங்களுடையது அல்ல, சீட்டுத் தர இயலாது என்று அவர்கள் மரியாதையாகப் பதில் அனுப்பினார்கள். அந்தப் பதிலையும் கிளையில் காட்டினார். சீட்டு வந்தபின் வாருங்கள் என்றார்கள். நாள் கடந்தது, அறை வேறொருவருக்குப் போயிற்று.

அந்தப் பல்கலைக்கழகம் சொன்னது சாக்கு அல்ல. ஜெர்மனியில் மாணவர் விடுதிகளில் பெரும்பாலானவற்றைப் பல்கலைக்கழகங்கள் நடத்துவதில்லை. ‘ஷ்டுடீரெண்டன்வெர்க்’ என்னும் அமைப்புகள் நடத்துகின்றன. இவை பல்கலைக்கழகங்களிலிருந்து வேறான நிறுவனங்கள். உணவகமும் விடுதியும் இவற்றின் பொறுப்பு. மியூனிக்கில் 1972 ஒலிம்பிக்கின்போது வீராங்கனைகள் தங்கிய குடியிருப்பு இன்று மாணவர் குடியிருப்பாக இருக்கிறதே, அதை நடத்துவதும் இத்தகைய அமைப்புதான். பிரான்சில் இதே வேலையை ‘க்ரூஸ்’ என்ற அரசு அமைப்புகள் செய்கின்றன. நெதர்லாந்தில் நிலைமை இன்னும் மோசம்: அறை கிடைக்காவிட்டால் புறப்பட்டு வர வேண்டாம் என்று சில பல்கலைக்கழகங்களே வெளிநாட்டு மாணவர்களுக்கு எச்சரிக்கை விடுத்ததுண்டு. அமெரிக்காவில் முதுநிலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வளாகத்துக்கு வெளியே நான்கைந்து பேராகச் சேர்ந்து ஓராண்டு ஒப்பந்தத்தில் வீடு எடுக்கிறார்கள். இந்த இடங்களிலெல்லாம் அறைவாடகைக்குப் பல்கலைக்கழக முத்திரை கேட்பது, மண்டப வாடகைக்கு நாதஸ்வரக்காரரிடம் ரசீது வாங்கி வரச் சொல்வது போன்றது.

இனி விதிக்கு வருகிறோம். இதை மூன்று கடிதங்களிலும் எழுதியிருக்கிறோம். யாரும் மறுக்கவில்லை, யாரும் படித்ததாகவும் தெரியவில்லை.

ரிசர்வ் வங்கி 2001 ஏப்ரல் 28 நாளிட்ட சுற்றறிக்கையின் மூலம் வங்கிகளுக்கு அனுப்பியதும், பின்னர் இந்திய வங்கிகள் சங்கம் பலமுறை திருத்தியதுமான மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், கடனுக்குத் தகுதியான செலவினங்களின் பட்டியல் இருக்கிறது. அதன் முதல் இனமே கல்லூரிக்கும் விடுதிக்கும் செலுத்தும் கட்டணம். திருத்திய திட்டத்தில் அதை ஒட்டியே ஒரு குறிப்பும் உண்டு: மாணவர் வெளித் தங்குமிடத்தைத் தாமே தேர்ந்தாலும், தேர்ந்தாக வேண்டிய நிலை வந்தாலும், நியாயமான தங்கும் செலவும் உணவுச் செலவும் கடனில் கணக்கில் கொள்ளப்படும். ‘தேர்ந்தாலும்’, ‘தேர்ந்தாக வேண்டிய நிலை வந்தாலும்’ என்ற இரண்டையும் திட்டம் சேர்த்தே சொல்கிறது. ஆகவே வெளியில் தங்கியே தீர வேண்டும் என்று மாணவர் நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை. எங்கள் பிள்ளைகளோ வேறு வழியில்லாமல் வெளியில் தங்குகிறவர்கள்.

பட்டுவாடா முறை பற்றியும் அதே திட்டம் பேசுகிறது. தேவைக்கேற்பக் கட்டம் கட்டமாக, இயன்றவரை கல்வி நிறுவனத்துக்கோ புத்தகம், கருவி விற்பவருக்கோ நேரடியாகப் பணம் செல்ல வேண்டும் என்கிறது. ‘இயன்றவரை’ என்ற சொல்லைத் தங்கள் மேலான கவனத்துக்கு மீண்டும் கொண்டுவருகிறோம். புத்தகக் கடைக்காரருக்குப் பல்கலைக்கழக முத்திரை கிடையாது. அவருக்குப் பணம் போகலாம், விடுதி நடத்துபவருக்குப் போகக்கூடாது என்பதற்குத் திட்டத்தில் இடம் எங்கே இருக்கிறது என்று காட்டினால் நன்றியுடையவர்களாவோம்.

கல்வி நிறுவனத்தின் சீட்டு வேண்டும் என்ற நிபந்தனை திட்டத்தில் வேறோர் இடத்தில் வருகிறது. காப்புத்தொகை, கட்டட நிதி, திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை ஆகியவற்றுக்கு அச்சீட்டு தேவை. தொகையும் முழுப் படிப்புக்கான கல்விக் கட்டணத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இந்த நிபந்தனையைக் கிளைகள் தூக்கிக்கொண்டுபோய் வாடகையின்மேல் வைத்துவிட்டன என்பதே எங்கள் ஊகம். அறைக்கான முன்பணத்தை அந்த 10 விழுக்காட்டுக்குள் அடக்கினாலும் எங்களுக்கு ஆட்சேபமில்லை. ஆனால் சீட்டு, அறையைத் தரும் நிறுவனத்தின் சீட்டாகத்தான் இருக்க முடியும்.

தங்கள் வங்கியின் சொந்த நடைமுறையும் எங்கள் பக்கமே நிற்கிறது. ஜெர்மனி விசாவுக்காக மாணவர்கள் முடக்கக் கணக்கில் பணம் போடுகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் அது ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. அந்தக் கணக்கை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல. வங்கியோ தனியார் நிறுவனமோதான். அதற்குத் தங்கள் கிளைகள் கல்விக்கடனிலிருந்தே பணம் அனுப்பியிருக்கின்றன. எந்த முத்திரையும் கேட்கவில்லை. அமெரிக்கா செல்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் தனித்தனியே காட்டப்பட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் தங்கள் கிளை கடன் தொகையையே முடிவு செய்கிறது. ஒப்பளிக்கும்போது நம்பத்தகுந்ததாக இருந்த செலவு, பணம் தரும்போது ஐயத்துக்குரியதாகிவிடுவது ஏன்?

முடக்கக் கணக்கில்தான் பணம் இருக்கிறதே, அதிலிருந்து முன்பணம் கட்டலாமே என்று ஒரு கிளையில் கேட்டார்கள். அந்தப் பணம் மாணவர் ஜெர்மனி போய்ச் சேர்ந்தபின் மாதத் தவணையாகத்தான் விடுவிக்கப்படும். விடுதியோ புறப்படும் முன்பே கேட்கிறது. அறை இல்லாமல் போய் இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் எழுதிவிடுகிறோம். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டுக்காரர் தரும் உறுதிச்சீட்டு இல்லாமல் பதிய முடியாது. பதிவுச்சான்று இல்லாவிட்டால் வரி எண், தங்கும் அனுமதி நீட்டிப்பு எல்லாம் இழுபறி. வங்கிக் கணக்கும் பல இடங்களில் அப்படியே. உள்வாடகைக்கு விட்டுவிட்டு உறுதிச்சீட்டுத் தர மறுக்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். கையில் முன்பணம் இல்லாத பிள்ளை அவர்களிடம்தான் போய்ச் சேருகிறது.

பிரிட்டன் செல்பவர்களின் சிக்கல் வேறு. தனியார் மாணவர் விடுதிகள் பலவும் அந்நாட்டிலேயே வசிக்கும் ஜாமீன்தாரரைக் கேட்கின்றன. அவிநாசியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அப்பா அங்கே ஜாமீனாக முடியாது. அப்படியானால் பல மாத வாடகையை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் கடன் பயன்படாவிட்டால் அது எதற்கென்றே எங்களுக்கு விளங்கவில்லை.

பெற்றோர் என்ன செய்கிறார்கள்? நகையை அடகு வைக்கிறார்கள். அதற்கும் நேரம் இல்லாதவர்கள் மீட்டர் வட்டிக்கு வாங்குகிறார்கள். கல்விக்கடன் வட்டிக்குப் பழைய வரிமுறையில் வருமான வரிக் கழிவு உண்டு. அடகுக்கடை வட்டிக்குக் கிடையாது. அதோடு, கல்விக்கடனாக வெளிநாடு போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் மூலத்தில் வரி வசூல் இல்லை. கைப்பணமாகப் போனால், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு உண்டு. விதிப்படி கடனில் அடங்கும் ஒரு செலவைக் கடனுக்கு வெளியே தள்ளியதால், ஒப்பளித்த கடன் வங்கியில் கிடக்க, பெற்றோர் வெளியில் வட்டி கட்டுகிறார்கள். இத்தனைக்கும் வெளிநாட்டுப் பணப்பரிமாற்றத்துக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நோக்கக் குறியீடுகளில், கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் எஸ்0305 என்ற ஒரே குறியீட்டின் கீழ்தான் வருகின்றன. பணம் அனுப்பும் படிவத்தில் ஒன்றாக இருக்கும் இரண்டையும் கிளை மேசையில் பிரிக்கிறார்கள்.

மோசடி நடக்கலாம் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. நடக்கிறது, மறுக்கவில்லை. வெளியூரில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று இல்லாத வீட்டுக்கு முன்பணம் பறிப்பவர்கள் உண்டு. எங்கள் உறுப்பினர் ஒருவரும் ஏமாந்திருக்கிறார். அவர் ஏமாந்தது வங்கி மறுத்து அனுப்பிய பிறகு, அவசரத்தில், யாரிடமும் ஆவணத்தைக் காட்டிச் சரிபார்க்க வழியில்லாதபோது. கிளை வழியாகப் பணம் போயிருந்தால் ஒப்பந்தத்தை ஒரு முறையாவது யாராவது படித்திருப்பார்கள்.

ஆகவே, கீழ்க்காணுமாறு அனைத்துக் கிளைகளுக்கும் எழுத்துமூலம் உத்தரவிட வேண்டுகிறோம்:

கோரிக்கை 1. பல்கலைக்கழகம் நடத்தாத விடுதி அல்லது வீட்டுக்கான முன்பணம், முன்கூட்டிய வாடகை ஆகியவற்றை, அறை ஒதுக்கீட்டுக் கடிதத்தின் பேரிலோ கையெழுத்தான வாடகை ஒப்பந்தத்தின் பேரிலோ, ஒப்பளிக்கப்பட்ட கடனிலிருந்து விடுதியின் அல்லது வீட்டுக்காரரின் கணக்குக்கு நேரடியாக, மாணவர் புறப்படும் முன், விண்ணப்பித்த ஏழு வேலைநாட்களுக்குள் அனுப்ப வேண்டும். கூட்டாக வீடு எடுத்தால் மாணவரின் பங்குக்கு மட்டும் அனுப்பினால் போதும். பல்கலைக்கழக முத்திரை கேட்கக்கூடாது. சரிபார்ப்புக்காக, பல்கலைக்கழகத்தின் தங்குமிடப் பிரிவு தன் இணையதளத்தில் காட்டும் விடுதிகளின் பட்டியலைக் கிளைகள் ஏற்கலாம். பட்டியலில் இல்லாத வீட்டுக்குக் கூடுதல் ஆவணம் கேட்கலாம். கேட்பதை ஒரே தடவையில், எழுதிக் கேட்க வேண்டும்.

கோரிக்கை 2. மாணவர் பங்குத்தொகையை முழுவதும் முதலிலேயே செலுத்துமாறு வற்புறுத்தாமல், திட்டத்தில் உள்ளபடி ஆண்டுதோறும் பட்டுவாடாவின் விகிதத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கோரிக்கை 3. கடன் விண்ணப்பங்களுக்கு ஒப்புகைச் சீட்டு வழங்க வேண்டும்.

கோரிக்கை 4. விண்ணப்பத்தை நிராகரிக்கும்போது மேலதிகாரியின் இசைவு பெறப்பட்டதா என்பதைக் காரணத்துடன் தெரிவிக்க வேண்டும்.

கோரிக்கை 5. கல்விக்கடன் பிரிவில் ஒரு பொறுப்பு அலுவலரை நியமித்து அவரது தொலைபேசி எண்ணைக் கிளைகளில் ஒட்ட வேண்டும். (முன்பு ஒட்டிய எண்ணை யாரும் எடுப்பதில்லை.)

கோரிக்கை 6. மண்டல அலுவலகத்தில் காத்திருப்போருக்கு நாற்காலிகள் போட வேண்டும்.

2 முதல் 6 வரையிலான கோரிக்கைகளுக்குத் தங்கள் வசதிப்படி பதில் தரலாம். முதல் கோரிக்கைக்கு அப்படியல்ல. ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது, பிரிட்டனில் செப்டம்பர். அறை ஒதுக்கீட்டுக் கடிதங்கள் இப்போதே வரத் தொடங்கிவிட்டன. எங்கள் உறுப்பினர்களில் சிலரின் விண்ணப்பங்கள் தங்கள் கிளைகளில் முத்திரைக்காகக் காத்திருக்கின்றன; அவற்றின் நகல்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இம்மனு கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்துமூலம் பதில் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இல்லை என்றால், திட்டத்தின் எந்தப் பத்தியின்படி என்பதையும் குறிப்பிட வேண்டும். பதில் வராவிடில் இந்த மனுவையும் முந்தைய மூன்று கடிதங்களையும் சேர்த்து, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் உறுப்பினர்கள் தனித்தனியே புகார் அளிப்பார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
(பொதுக்குழுவுக்காக)

இணைப்பு: முந்தைய கடிதங்களின் நகல்கள், ஒப்புகை முத்திரையிட்ட மனுவின் நகல், நிலுவையில் உள்ள விண்ணப்பங்களின் நகல்கள், மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின் செலவினப் பகுதி, உரிய வரிகள் அடிக்கோடிடப்பட்டு.