வானத்தில் இருந்து ஏரியைப் பார்க்கும் கண்!

காட்டுப்பள்ளியில் எந்தப் பக்கம் நடந்தாலும் தண்ணீர்தான். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும், பக்கிங்காம் கால்வாயும். தெற்கே எண்ணூர் கழிமுகம். வடக்கே போனால் பழவேற்காடு ஏரி.

பழவேற்காடு, கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கிற ஏரி. இந்தியாவில் இந்த வகை ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிதான் முதலாவது. அடுத்தது இதுதான்.

இந்தத் தண்ணீரை நம்பிப் பல ஆயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன. பெண்கள் தண்ணீரில் இறங்கி, கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். பிடித்த இறாலைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக் கொள்கிறார்கள். தண்ணீரில் கழிவு கலந்தால், நாள் முழுவதும் அதில் நிற்பவர்கள் அவர்கள்தானே!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலிப் பக்கம் இருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர் கழிமுகத்தில் கலந்தது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் வாளியைக் கொண்டு எண்ணெயை அள்ளினார்கள். அந்தக் காட்சியை மறக்க முடியுமா?

நிறம் சொல்லும் சேதி

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் இடம்! 1999 மே 26-ந் தேதி அங்கிருந்து "ஓசன்சாட்" என்ற செயற்கைக்கோள் பறந்தது. கடல் நீரின் நிறத்தைப் பார்ப்பது அதன் வேலை. அந்த வரிசையில் மூன்றாவது கோள் 2022 நவம்பர் 26-ந் தேதி போயிற்று.

நிறத்தைப் பார்த்து என்ன தெரியும் என்று கேட்கலாம். குழம்பின் நிறத்தைப் பார்த்தே காரம் கூடிவிட்டது என்று வீட்டில் சொல்வது இல்லையா? அது போலத்தான்.

சாக்கடை நீர் சேர்ந்தால் பாசி பெருகும். தண்ணீர் பச்சையாகும். பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு குறைந்து மீன் மிதக்கும். சேறு கலந்தால் நிறம் வேறு. சூட்டை அளக்கும் கருவி உள்ள கோள், மின்சார நிலையத்தின் வெந்நீர் எதுவரை பரவுகிறது என்பதையும் காட்டும்.

முதல் ஓசன்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது 360 மீட்டர். குறுகலான கழிமுகத்துக்கு அது போதாது. ஐரோப்பியரின் "சென்டினல்-2" கோள்களின் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர்தான். 5 நாளைக்கு ஒரு முறை படம் வரும். யாரும் இலவசமாகப் பெறலாம்.

படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, காற்று எந்தப் பக்கம், கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற கணக்கையும் சேர்த்தால், இன்று இங்கே உள்ள அழுக்கு நாளை எங்கே போகும் என்று ஓரளவு சொல்லலாம்.

படகும் வேண்டும்

மேகம் மூடினால் இந்தக் கண் குருடு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் இங்கே ஆபத்து அதிகம், மேகமும் அப்போதுதான்! ராடார் உள்ள கோள்கள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். எண்ணெய் படர்ந்த இடத்தில் சிற்றலை அடங்கிவிடும். ராடார் படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஆனால் ஈயம், பாதரசம் போன்ற விஷம் தண்ணீரில் கரைந்திருந்தால் எந்தக் கோளும் நேரில் காணாது.

பழவேற்காடு ஆழம் குறைந்த ஏரி. பல இடங்களில் அடிமண்ணே மேலே தெரியும். தண்ணீரின் நிறமா, மண்ணின் நிறமா என்று கம்ப்யூட்டர் குழம்பும். ஆகவே, கோள் கடக்கும் அதே நாளில் ஒருவர் படகில் போய்த் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்கைத் திருத்த முடியும்.

இந்த வேலையை உள்ளூர் மீனவர்களுக்கே கூலி கொடுத்துச் செய்யச் சொல்லலாம் என்பது நமது கருத்து. எந்த இடத்தில் நீர் நாறுகிறது, எந்த மாதம் முகத்துவாரம் அடைபடுகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

இன்னொன்று. ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையம், கடலில் மீன் கூடும் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் கணித்துத் தமிழிலும் சொல்லி வருகிறது. கடலுக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் சேதி, கழியில் இறங்கும் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும். அறிக்கையை இங்கிலீஷில் அச்சடித்து அலமாரியில் வைத்தால் அவருக்கு என்ன லாபம்?

மீன் இறங்கும் இடத்தில் ஒரு கரும்பலகை போதும். "இன்று எண்ணூர் கழியில் எண்ணெய் உள்ளது, இறங்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில், அவர் பறியை எடுத்துக்கொண்டு புறப்படும் முன்பே எழுதிவிட வேண்டும்.