சைக்கிள் விடத் தோதான ஊர்

வழவழப்பான தாள். நாலு மடிப்பு. என் மகன் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தான். திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் பண்ணை மனை விற்கிறார்களாம். பரந்தூரில் 2022இல் அறிவித்த விமான நிலையம் வந்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடுமாம். அது ஒரு பக்கம். மறுபக்கம் முழுக்கப் படம். ஏரிக்கரையில் ஒரு குடும்பம் நடந்து போகிறது. ஒரு பெண் சைக்கிள் விடுகிறாள். ஒரு பையன் தண்ணீரில் குதிக்கிறான். ஒருத்தர் குதிரைமேல் உட்கார்ந்து சிரிக்கிறார். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் கிட்டத்தில் இருப்பதால் பறவை பார்க்கலாம் என்று ஒரு வரி.

“நைனா, நீ பொறந்த ஊரு பக்கந்தானே இது? ரிட்டயர் ஆயிட்ட. போயி காத்தாட இரு. சனி ஞாயிறு நாங்களும் வர்றோம். புள்ளைங்க ஓடியாடட்டும்” என்றான்.

அவன் வியாசர்பாடியில் பிறந்தவன். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையை மூக்கில் இழுத்து வளர்ந்தவன். பிள்ளைகளுக்குத் திறந்தவெளி வேண்டும் என்று அவன் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. தபால் துறையில் 31 வருஷம் உழைத்து வந்த பணம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு என்னமோ உறுத்திக்கொண்டே இருந்தது. நடை, நீச்சல், சைக்கிள், குதிரை. இந்தப் பட்டியலை நான் வேறெங்கோ படித்திருக்கிறேன்.

ராத்திரிதான் ஞாபகம் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1989ஆம் வருஷச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26இலிருந்து அது நடப்பில் இருக்கிறது. எங்கள் ஆட்களை எதைச் செய்யவிடாமல் தடுத்தால் குற்றம் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், குளிக்கிற படித்துறை. பொதுவழியில் நடப்பது. சைக்கிள், மோட்டார் சைக்கிள் விடுவது. செருப்புப் போடுவது, புதுத்துணி உடுத்துவது. குதிரைமேல் ஏறுவதுகூட இருக்கிறது. கம்பெனிக்காரன் உல்லாசம் என்று அச்சடித்திருப்பதையும் பார்லிமெண்ட் குற்றம் என்று அச்சடித்திருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் கலந்து பேசி எழுதினார்களா என்று சந்தேகம் வரும். தடுக்கிறவன் இல்லாமலா தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள்?

நகரத்தை விட்டுக் கிராமத்தில் போய்க் குடியேறுவது எப்படி என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். தண்ணீர் உப்பா, மண் செம்மண்ணா, பஸ் உண்டா, ஆஸ்பத்திரி எத்தனை மைல், நடக்கக் காடு உண்டா, நீந்த ஆறு உண்டா என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். எல்லாம் நல்ல கேள்விகள்தான். எந்தத் தெருவில் குடியிருக்கப் போகிறாய் என்ற கேள்வி மட்டும் அதில் கிடையாது. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. எங்களைத்தான் மற்றவன் கேட்கிறான்.

கேட்டான். மகனோடு மனை பார்க்கப் போனேன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில் திருப்புலிவனம். வியாக்ரபுரீசுவரர் கோயிலுக்கு எதிரில் காரை நிறுத்திவிட்டு டீ குடித்தோம். புலிக்கால் முனிவர் கும்பிட்ட இடம் என்பார்கள். விடியுமுன்னே மரமேறிப் பூப்பறிப்பதற்காக அவர் புலிக்கால் கேட்டு வாங்கிக்கொண்டாராம். காலை மாற்றிக்கொண்டாவது அவரால் உள்ளே போக முடிந்தது. என் தாத்தாவுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

புரோக்கர் மரியாதையான ஆள். சார் சார் என்றுதான் பேசினார்.

“சாருக்கு சொந்த ஊரு எது?”

“இங்கதாங்க. பக்கந்தான்.”

“பக்கம்னா எந்தத் தெரு சார்?”

சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. குரல் மட்டும் இறங்கியது. “ஏரி பாத்த மனையெல்லாம் புக் ஆயிடுச்சி சார். ரோட்டாண்ட கொஞ்சம் இருக்குது. உங்களுக்கு அது சௌகரியமாவும் இருக்கும்.” காலையில் போனில் ஏரி பார்த்த மனை பன்னிரண்டு காலி என்றவர் அவர்தான். என் மகன் அதைச் சொல்லிச் சண்டைக்குப் போனான். நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பயத்தினால் இல்லை. மனைக்கல் நட்டிருந்த அந்த மேட்டை எனக்கு முன்னாடியே தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் அங்கிருந்து உள்ளே போகிற சாலையில் இருக்கிறது. பேர் எழுதவில்லை. எழுதினால் இன்னமும் அங்கே இருக்கிற என் சித்தப்பன் பிள்ளைகளுக்குத்தான் தொல்லை. தாத்தா நீர்க்கட்டி. மதகு திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. ஐப்பசி கார்த்திகையில் ஏரி தளும்பும்போது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆள் வந்து கூப்பிடும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இருட்டில் முங்குவார். மதகு வாயில் வைக்கோலும் மண்ணும் அடைத்துவிட்டு, உதடு நீலம் பாரித்து மேலே வருவார். அதே ஏரியில் ஊர்ப்படித்துறையில் அவர் கால் நனைத்தது கிடையாது. மதகு அடைக்க முங்கலாம், குளிக்க முங்கக் கூடாது. எங்களுக்குக் கழுவெளி ஓரம், மாடு குளிப்பாட்டுகிற சேற்றுத் துறை.

பறவை பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்க ஆயாவுக்குத் தெரியாத பறவை இல்லை. நத்தைகுத்தி எந்த வயலில் இறங்குகிறதோ அங்கே நத்தை இருக்கிறது என்று கூடையை எடுத்துக்கொண்டு போகும். நீர்க்காகம் முங்குகிற இடத்தில் மீன். வக்கா இரவில் கத்தினால் அதற்கொரு கணக்கு. கெளுத்தி, குறவை, விரால் எது எந்தச் சேற்றில் கிடக்கும் என்று காலாலேயே கண்டுபிடிக்கும். அதெல்லாம் பசிக்குக் கற்ற படிப்பு. இன்றைக்குக் கழுத்தில் தொலைநோக்கி மாட்டிக்கொண்டு வருகிறவருக்கு அது பொழுதுபோக்கு. அவர் பார்க்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயா ஒரு நாளாவது சும்மா உட்கார்ந்து அந்தப் பறவைகளைப் பார்த்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

சைக்கிள் கதை என்னுடையது. நைனா பழைய ராலே ஒன்று வாங்கினார். ஊர்த்தெரு முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், அந்த முனையில் ஏறிக்கொள்வார். யாரும் சட்டம் எழுதி ஒட்டவில்லை. இறங்க வேண்டும், அவ்வளவுதான். நான் ஏரிக்கரைமேல் ராத்திரியில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். 1975 என்று நினைக்கிறேன், எனக்குப் பன்னிரண்டு வயசு. ஒரு நாள் இறங்காமல் ஊர்த்தெருவில் விட்டுவிட்டேன். சும்மா இல்லை, மணியடித்துக்கொண்டே விட்டேன். நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள். அடிக்கவில்லை. இரண்டு சக்கரத்திலும் வால்டியூபைப் பிடுங்கி ஏரியில் எறிந்தார்கள். சாயந்திரம் நைனாவைக் கூப்பிட்டனுப்பி நிற்க வைத்துப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவர் சாகிறவரைக்கும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சைக்கிளை உத்திரமேரூர் சந்தையில் விற்றுவிட்டு வந்தார். அதற்கடுத்த வருஷம் நாங்கள் மெட்ராசுக்குப் போய்விட்டோம். நாங்கள் ஊரை விட்டது பஞ்சத்தால் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். பஞ்சம் அதற்கு முன்னாலும் இருந்தது.

இப்போது அந்த மேட்டுக்கு வருகிறேன்.

உத்திரமேரூர் என்றாலே குடவோலை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. 2020 டிசம்பரில் புதுப் பார்லிமெண்டுக்கு அடிக்கல் போட்டபோது பிரதமரே இதை எடுத்துச் சொன்னார். ஜனநாயகத்துக்கு நாமே தாய் என்று பேசுகிறவர்கள், குடத்துக்குள் யார் பேர் போடலாம் என்ற பகுதியையும் வாசிக்க வேண்டும். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சபையில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்தது. ஏரி வாரியத்தில் உட்கார்ந்தவன் மதகில் முங்கியிருக்க மாட்டான்.

சொந்த மனை என்ற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். 970 வருஷம் கழித்து 1891இல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். சேரியில் குடிசை நிற்கிற மனைகூட மிராசுதாரனுடையது என்று அதில் எழுதினார். எதிர்த்துப் பேசினால் குடிசையோடு வெளியே போ என்று விரட்டலாம். தரிசு நிலம் கேட்டு எங்கள் ஆள் மனுப் போட்டால் மிராசுதாரனுக்கே முதல் உரிமை. இதே ஜில்லாவில், 1798இலேயே, கலெக்டர் லயனல் பிளேஸ் வேடந்தாங்கல் பறவைகளைக் காக்க ஊராருக்குக் கவுல் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். கொக்கு உட்கார உரிமைச் சீட்டு கிடைத்து ஒரு நூற்றாண்டு ஆகப்போகும்போதும் எங்கள் பாட்டன் உட்கார மூன்று சென்ட் கிடையாது.

அந்த அறிக்கையின் பேரில் 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் எங்கள் ஆட்களுக்குள்ளேதான் கைமாறலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டதற்குத்தான் காரணை இயக்கம். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள்.

மனைக்கல் நட்டிருக்கிற மேட்டை எங்க ஆயா டி.சி. மேடு என்றுதான் சொல்லும். டி.சி. என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. கடலை போடுவோம், வரகு போடுவோம், அதுதான் தெரியும். ஒரு கல்யாணக் கடனுக்குக் கைநாட்டு வைத்ததில் அது போனது. 1980களில் பட்டாக்களைச் சீர்செய்கிறோம் என்று சர்க்கார் புதுப்பதிவு போட்டபோது இந்த மாதிரிக் குறிப்புகள் பல இடத்தில் காணாமல் போயின என்று நிலமீட்புத் தோழர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். வில்லங்கச் சான்றில் பத்திரம் கைமாறியதுதான் தெரியும். பழைய அ-பதிவேட்டைப் பார்க்காமல் ஒன்றும் புரியாது. புரோக்கர் காட்டிய கட்டில் வில்லங்கம் இருந்தது, பட்டா இருந்தது, குதிரைப் படம் இருந்தது. அ-பதிவேடு இல்லை.

இதைச் சொன்னால் நம்ம தோழர் ஒருவருக்கே கோபம் வருகிறது. “கிராமத்தை விட்டு வெளியேறு என்றுதானே பாபாசாகேப் சொன்னார்? நீ என்னடான்னா ஏரிக்காத்து கேக்குற. ஓய்வு, நீச்சல் எல்லாம் நடுத்தர வர்க்கத்துச் சொகுசு” என்கிறார். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்ததைப் பார்த்த பிறகு யார் மறுக்க முடியும்? ஆனால் அதே அம்பேத்கர் 1927 மார்ச் 20ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிக்கொண்டு மகத்தில் ஒரு குளத்துக்குத்தானே போனார்? தாகத்துக்குத் தண்ணீர் வேறெங்கும் கிடைக்காமலா போனார்? குளம் பொது என்றால் எனக்கும் பொது என்று காட்டப் போனார். கிராமத்தை விட்டு வந்தோம், சரி. ஏரியை யாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்? வேலைக்கு மட்டும் வெளியில் நின்ற ஜனம் நாம். வெயிலும் மழையும் நமக்குக் கூலியாகத்தான் பழக்கம். நம் பிள்ளை ஒன்று வேலையில்லாமல் கரைமேல் நடந்தால் அது சொகுசு என்று நாமே சொல்லலாமா?

எனக்குப் போகத்தான் ஆசை. அதற்கு ஊர் தேடுவதும் நிறுத்தவில்லை. ஆனால் என் கேள்விகள் வேறு. எங்கள் பிணம் எந்த வழியாகப் போகிறது? ஏரி மீன் ஏலத்தில் சேரி ஆள் கேட்க முடியுமா? மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டால் எந்தப் பிள்ளைகள் எந்தத் துறையில் குதிக்கின்றன? ஊரில் கிரிக்கெட் டீம் ஒன்றா இரண்டா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். கேட்டுப் பாருங்கள். சமத்துவம் பற்றி மேடையில் பேசுகிறவர்கூட அதற்குப் பதில் சொல்லத் தயங்குவார். எங்கள் ஊரில் இரண்டு. பந்து அந்தப் பக்கம் போனால் எடுக்கப் போகிற பையன் யார் என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இது என் சித்தப்பன் பேரன் இந்தப் பொங்கலுக்குச் சொன்னது.

அந்த மேட்டின் சர்வே எண்ணைத் தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அ-பதிவேட்டு நகல் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன். முப்பது நாளில் தர வேண்டும். நாற்பத்தாறு நாள் ஆகிறது. மேல்முறையீடு எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பேன். தபால்காரன் எழுதிய தபால், அது போய்ச் சேரும். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் பண்ணை மனைக்குக் கல் நடுகிற இடங்களில் உங்கள் பாட்டிமார் டி.சி. என்று சொன்ன மேடு ஏதாவது இருந்தால் சர்வே எண்ணோடு எழுதுங்கள். பேத்திக்குச் சைக்கிள் வாங்கியாகிவிட்டது. முன்பணம் கட்டாதே என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.