பூஜ்யம் வாங்கிய நாயே முதல் மாணவன்

ஒரு லாப்ரடார் நாயின் இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்து அமெரிக்க நிபுணர்கள் 'ஃபேர்' என்று எழுதுகிறார்கள். பரவாயில்லை ரகம் என்று பொருள். அதே மூட்டுக்கு ஜெர்மனியில் 'பி' கிடைக்கும். பிரிட்டனில் 11-க்கும் 18-க்கும் இடையே ஒரு எண் விழும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறது, அமெரிக்காவில் இந்த மதிப்பீட்டை நடத்தும் ஓ.எஃப்.ஏ. அமைப்பே வெளியிட்டிருக்கும் ஒப்பீட்டு அட்டவணை. போதாக்குறைக்கு, பிரிட்டனின் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குக்கு நேர் எதிர். அங்கே பூஜ்யம் வாங்கிய நாய்தான் வகுப்பில் முதல்.

இத்தனை ஏற்பாடும் 'ஹிப் டிஸ்பிளேசியா' என்ற ஒரு கோளாறுக்காக. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். தளர்ந்து ஆடினால் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு வீங்கி, எழுந்து நிற்பதே நாய்க்கு வேதனையாகிவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல்லே 1935-இல் இதை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர், கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் என்று மக்கள் ஆசையாக வளர்க்கும் பெரிய இனங்களில் இது சகஜம். பிறக்கும்போது குட்டியின் மூட்டில் குறை தெரியாது, வளர வளரத்தான் வெளிப்படும். பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபடுவதும் இல்லை. ஆகவே எக்ஸ்ரேதான் கதி.

அந்த எக்ஸ்ரேயை யார் பார்க்கிறார், எப்படி மதிப்பிடுகிறார் என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. ஆனால் அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மோசமான படம் எங்கே போகிறது?

அந்த ஓ.எஃப்.ஏ. அமைப்பு 1966-இல் தொழிலதிபர் ஜான் ஓலின் முயற்சியில் பிறந்தது. நாய்க்கு 24 மாதம் நிறைந்த பிறகே இறுதிச் சான்றிதழ். மூன்று கதிரியக்க நிபுணர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் படத்தைப் பார்த்து, 'எக்ஸலன்ட்' தொடங்கி 'சிவியர்' வரை ஏழு படிகளில் ஒன்றைச் சொல்கிறார்கள். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஓட்டை வேறு இடத்தில். படத்தை முதலில் பார்ப்பவர்கள் உள்ளூர் மருத்துவரும் உரிமையாளரும். மூட்டு மோசம் என்று கண்ணுக்கே தெரிந்தால், அதைக் காசு கட்டி அனுப்ப யாருக்கு மனம் வரும்? அனுப்பினாலும், குறையுள்ள முடிவை வெளியிட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். நல்ல மூட்டின் படம் அந்த அமைப்புக்கு அனுப்பப்படும் வாய்ப்பு 8.2 மடங்கு அதிகம் என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கோல்டன் ரெட்ரீவர் நாய்களில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறு இருக்கலாம் என்றும் அதே ஆய்வு சொன்னது. தோற்றவர்களின் விடைத்தாளைக் கிழித்துவிட்டுத் தேர்ச்சி விகிதம் அறிவிப்பது போன்ற ஏற்பாடு இது.

பிரிட்டனில் கால்நடை மருத்துவர் சங்கமும், நாய்களின் வம்சத்தைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பும் சேர்ந்து நடத்தும் திட்டம் நுணுக்கமானது. ஒவ்வொரு பக்க மூட்டிலும் ஒன்பது அம்சங்களைப் பார்த்து, பக்கத்துக்கு 53 வரை, மொத்தம் 106 வரை குறைப்புள்ளிகள் போடுகிறார்கள். 12 மாதமே போதும். பெற்ற எண்ணை அந்த இனத்தின் நடுமதிப்போடு ஒப்பிடலாம். மதிப்பிட்ட முடிவு கென்னல் கிளப் பதிவேட்டில் ஏறிவிடும். ஆனால் படத்தை அனுப்புவதா வேண்டாமா என்பது இங்கும் உரிமையாளரின் விருப்பம்.

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் சர்வதேச நாய் சம்மேளனத்தின் 'ஏ' முதல் 'இ' வரையிலான முறை. இதில் 'ஏ' வாங்க மூட்டின் கோணம் 105 பாகைக்குக் குறையக்கூடாது. ஜெர்மன் ஷெப்பர்டின் தாய்ச் சங்கம் இதற்குத் தன் பாணியில் பெயர் வைத்திருக்கிறது: 'இயல்பு', 'ஏறக்குறைய இயல்பு', 'இன்னும் அனுமதிக்கலாம்'. மூன்றாவது பெயரில் உள்ள தயக்கத்தை வாசகர் கவனிக்க வேண்டும். அது லேசான கோளாறு உள்ள நாய். ஆனாலும் இனவிருத்திக்கு விடலாம்.

இவை எல்லாமே காலை நீட்டிவைத்து எடுத்த படத்தை நம்புகின்றன. அப்படி நீட்டும்போது மூட்டின் உறை முறுக்கிக்கொண்டு தளர்வை மறைத்துவிடுகிறது என்றார் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கெயில் ஸ்மித். அவர் வடிவமைத்த பென்ஹிப் முறையில், நாயை மயக்கிப் படுக்கவைத்து, மூட்டு எவ்வளவு விலகுகிறது என்றே அளக்கிறார்கள். 16 வாரக் குட்டிக்கும் செய்யலாம். அந்த விலகல் அளவு 0.30-க்குக் கீழே இருந்தால் பின்னாளில் மூட்டு வாதம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஸ்மித்தின் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஓ.எஃப்.ஏ. 'எக்ஸலன்ட்' என்று சொன்ன நாய்களிலேயே 52 சதவீதம் இந்த வரம்பைத் தாண்டியிருந்தன. தங்கள் முறைக்குத் தாங்களே சாட்சி சொல்கிறார்கள் என்று ஒதுக்கிவிட முடியாத எண் அது. எடுத்த எல்லாப் படங்களையும் அனுப்பியாக வேண்டும் என்ற விதியும் பென்ஹிப்பில் உண்டு. ஆனால் உரிமையாளர் தாமாக வெளியிட்டால் ஒழிய, ஒரு குறிப்பிட்ட நாயின் முடிவைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. அளவுகோல் துல்லியம், அலமாரிக்குப் பூட்டு.

பூட்டு இல்லாத அலமாரி ஸ்வீடனில் இருக்கிறது. அங்கே அதிகாரபூர்வமாக எடுக்கப்படும் படம், நல்லதோ கெட்டதோ, கென்னல் கிளப்புக்குப் போகிறது. முடிவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பின்லாந்திலும் திறந்த பதிவேடுதான். இதன் பலன் வெறும் நேர்மை மட்டுமல்ல. அண்ணன், தங்கை, தாய், தந்தை எல்லோருடைய முடிவும் கிடைக்கும்போது, ஒரு நாய் தன் குட்டிகளுக்கு எதைக் கடத்தும் என்பதையே கணக்கிட முடியும். தன் மூட்டு நன்றாக இருக்கும் நாயின் உடன்பிறப்புகள் நொண்டினால், அந்த நாயை நம்பக்கூடாது.

ஒற்றைப் படத்தை நம்பக்கூடாததற்கு இன்னொரு காரணம் தீனி. நாய்த் தீனி தயாரிக்கும் பூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தது. குறைவாகத் தின்றவற்றுக்கு மூட்டு வாதம் குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. மெலிந்து வளர்ந்த நாயின் அழகான எக்ஸ்ரே அதன் மரபணுவுக்கு உத்தரவாதம் ஆகாது.

குடும்பம் முழுவதையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று உண்டு. பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைத் தரும் 'சீயிங் ஐ' அமைப்பு, ஐந்து தலைமுறைக்குள் தன் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் கோளாறு விகிதத்தை 55-இலிருந்து 24 சதவீதத்துக்கும், லாப்ரடார்களில் 30-இலிருந்து 10-க்கும் இறக்கியது. அங்கே எல்லா நாயின் முடிவும் ஒரே கையில் இருந்தது. மறைத்து லாபம் பார்க்க யாருக்கும் வழியில்லை.

ஆகவே ஏழு படியா, ஐந்து எழுத்தா, 106 புள்ளியா என்ற சண்டை இரண்டாம்பட்சம். எல்லா முடிவுகளையும் வெளியிடாத எந்தச் சங்கத்தின் சான்றிதழும் அரைச் சான்றிதழ்தான். கென்னல் கிளப்புகள் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே, முடிவு எதுவானாலும் வெளியிடச் சம்மதம் என்று கையெழுத்து வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் 'பெற்றோர் இறக்குமதி' என்று சொல்லி ராட்வீலர், லாப்ரடார் குட்டிகளை விற்கிறார்கள். வாங்க நினைப்பவர் சட்டம் போட்ட சான்றிதழைப் பார்த்து மயங்காமல், தாய் தந்தை இரண்டின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கட்டும். அமெரிக்க, பிரிட்டிஷ், ஸ்வீடிஷ், பின்லாந்துப் பதிவேடுகளை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அங்கே அந்த நாயின் உடன்பிறப்புகள் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும்.