பூச்செடிக்கு விஷம் எதற்கு?



இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி, குரோட்டன்ஸ் என்று வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் செடிகளை வாசலில் ஆசை ஆசையாக வளர்க்கிறோம். திடீரென்று இலையெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துப் பிசுபிசுக்கும். உடனே கடைக்கு ஓடி, "ஏதாவது பூச்சி மருந்து கொடுங்க" என்று கேட்டு விடுகிறோம். சில கடைக்காரர்களும் வயலுக்கு அடிக்கிற மருந்தைக் காலி பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து விடுகிறார்கள். எங்கள் எதிர்வீட்டில் அப்படி வாங்கிய மருந்து, குளிர்பான பாட்டிலில் சமையலறை ஜன்னலில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் அதைக் கையில் எடுத்தே விட்டான். நல்லவேளை, பாட்டி பார்த்துப் பிடுங்கினார். செடியைக் காப்பாற்றப் போய் பிள்ளையைப் பறிகொடுப்பதா?

தண்டில் பழுப்பாகச் சின்னச் சின்ன ஓடு மாதிரி ஒட்டியிருப்பதுதான் செதில் பூச்சி. ஓடு மூடியிருப்பதால் மேலே தெளிக்கிற மருந்து அதை எளிதில் தொடாது. அது சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பு நீரைக் கழிக்கும். அந்த இனிப்புக்குத்தான் எறும்பு வருகிறது. அதன்மேல்தான் கரும்பூசணம் படர்கிறது. பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை எறும்பு விரட்டிவிடும். 1898-லேயே நம் தென்னாட்டுக் காப்பிச் செடிகளின் பச்சைச் செதில் பூச்சியைத் தின்பதற்காக ஆஸ்திரேலியாவின் பொறிவண்டைக் கொண்டு வந்து விட்டார்கள். கடும் மருந்து அடித்தால் இப்படிப்பட்ட நல்ல வண்டுகளும் செத்துப் போகும்.

வைத்தியம் நம் கையிலேயே இருக்கிறது. பூச்சி அப்பிய கிளைகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றைப் பழைய டூத் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து விடுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். ஓட்டுக்கு அடியில் முட்டைகள் இருக்கும். குஞ்சுகள் வெளியே வந்து ஊரும்போது பிடிக்க வேண்டும் என்பதால், வாரம் ஒருமுறை என மூன்று நான்கு தடவை தெளிக்க வேண்டும். ஒரே நாளில் பலன் எதிர்பார்க்காதீங்க. செடியில் எறும்பு ஏறுகிறதா என்று தினமும் பாருங்கள். அதுதான் முதல் அறிகுறி.

சாமிக்கும் நம் தலைக்கும் வைக்கிற பூ. அதில் விஷம் எதற்கு? கொஞ்சம் பொறுமை போதுமே!

- ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.