டெபிட் மட்டும் போட்டா டேலி ஆகுமா?

பி.காம் படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி விஷயத்துல என்ன வேலைன்னு கேட்பீங்க. கணக்கு இடிச்சா கேட்கறதுதானே எங்க வேலை!

பக்கத்து வீட்டு அக்கா நர்சிங் கடைசி வருஷம். போன வாரம் வல்லக்கோட்டை பஸ் ஸ்டாப்புல பார்த்தப்போ, சிமுலேஷன் பரீட்சை பத்தி சொன்னாங்க. கட்டில்ல நோயாளிக்குப் பதிலா ஒரு பொம்மை. அதுக்கு பிரஷர் இறங்குது. அக்கா டாக்டருக்கு போன் போட்டு 'எஸ்பார்' முறையில சொல்லணும். அதாவது நிலைமை, பின்னணி, தன்னோட மதிப்பீடு, என்ன செய்யலாம்ங்கிற யோசனை, இந்த வரிசையில. ஒவ்வொண்ணுக்கும் மார்க்.

சரி, போனை எடுத்த டாக்டர் யாரு? அவங்க மேடமேதான்! பொறுமையா கேட்டுட்டு "இதோ வர்றேன்"னாங்களாம். நிஜ வார்டுல ராத்திரி ரெண்டு மணிக்கும் இப்படித்தான் பதில் வருமான்னு கேட்டேன். அக்கா சிரிச்சாங்க.

எனக்குச் சிரிப்பு வரலை. 1977 மார்ச் 27, டெனரிஃப் தீவு. ரெண்டு ஜம்போ விமானம் ரன்வேயில மோதி 583 பேர் செத்தாங்க. மோதறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கே.எல்.எம். விமானத்தோட பிளைட் இன்ஜினியர், எதிர்ல இருந்த விமானம் இன்னும் விலகலையோன்னு கேட்டார். விலகிடுச்சுன்னு அடிச்சுச் சொல்லிட்டு கேப்டன் ஓட்டிக்கிட்டே போனார். இந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம் விமானத் துறை, இன்ஜினியரை மட்டும் கூப்பிட்டு "தைரியமா பேசு"ன்னு பாடம் நடத்தலை. கேப்டனையும் சேர்த்து சிமுலேட்டர்ல உட்கார வெச்சு, காது கொடுத்துக் கேட்கப் பழக்கினாங்க.

நம்ம ஊர்ல? எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்துல 2019-ல இருந்து பேச்சுப் பழக்கம், நெறிமுறைக்குன்னே 'ஏட்காம்' வந்தாச்சு. நர்சிங் கவுன்சிலோட 2021 பாடத்திட்டத்துல சிமுலேஷன் வந்தாச்சு. ரெண்டும் நல்லதுதான். ஆனா அவங்களுக்குத் தனி பாடத்திட்டம், இவங்களுக்குத் தனி பாடத்திட்டம். நாளைக்கு ஒரே கட்டில் பக்கத்துல நிக்கப்போற ரெண்டு பேர், அக்கா காலேஜ்ல ஒரு தடவை கூட சேர்ந்து பரீட்சை எழுதலை.

டாக்டருக்கு நேரமில்லைன்னு சொல்லாதீங்க. நாலே மார்க் போதும். நர்ஸ் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாம இருந்தாரா? கேட்டதைத் திருப்பிச் சொல்லி சரிபார்த்தாரா? சந்தேகம் கேட்டாரா? எரிஞ்சு விழாம இருந்தாரா? அதோட அந்த மேடமும் ஒரு தடவை எரிஞ்சு விழற டாக்டரா நடிக்கட்டும். அப்பவும் விடாம ரெண்டாவது தடவை போன் போடற நர்சுக்கு தனி மார்க் கொடுங்க.

ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் உண்டுன்னு பதினோராம் வகுப்புலேயே படிச்சோம். சொன்னவங்களுக்கு மார்க் உண்டுன்னா, கேட்டவருக்கும் மார்க் வேணும். இடிக்கிற தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளி மூடிடலாம்னு நினைக்காதீங்க. இங்க அந்தத் தொகை ஒரு உயிர்.